கண் டாக்டர்களை ஃபெயிலாக்கிய டேமேஜ் மேஸ்திரி

நோயாளியைப் பார்த்துக் கையை விரித்த டாக்டர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டாக்டர்களை வரிசையாகப் பார்த்து, ஒருத்தரும் தேறவில்லை என்று கையை விரித்த நோயாளியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பாண்டிச்சேரியிலேயே அப்படி ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் எதிர்வீட்டில் இருந்தது என் தலையெழுத்து. அவர் செத்துப் பல வருஷம் ஆகிறது. அவர் மேல் எனக்கிருக்கும் கோபம் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. இறந்துபோனவரைப் பற்றி இப்படியா எழுதுவது என்று வாசகர்கள் யாரும் கடிதம் போட வேண்டாம். போட்டாலும் நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

எழுபதுகளின் கடைசிப் பகுதி. முதலியார்பேட்டைப் பக்கம், மில்லுக்குப் பின்னால் இருந்தது எங்கள் தெரு. நான் மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. அவர் ஃபோல்டிங் டிபார்ட்மென்டில் மேஸ்திரி. தறியிலிருந்து இறங்கி வரும் துணியைச் சாய்வான மேசை மேல் ஓடவிட்டு, அறுந்த இழை, எண்ணெய்க் கறை, ஓட்டை என்று எது கண்ணில் பட்டாலும் சாக்பீசால் ஒரு வட்டம் போட்டு, "டேமேஜ்" என்று குரல் கொடுப்பது அவருடைய உத்தியோகம். வருஷக்கணக்காக அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் என்னவென்று தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினாலும் அவருக்கு வேலை முடியாது. தட்டில் விழும் இட்லியைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பார்ப்பார். புதுவீடு கட்டியவன் வாசலில் நின்று, "செவுரு தெக்கால சாயுது" என்பார். எங்கள் தெருப் பையன் ஒருவனுக்குப் பெண் பார்க்க, தெரியாத்தனமாக இவரையும் அழைத்துக்கொண்டு போனார்கள். காபி குடித்துவிட்டுப் பெண்வீட்டாரைப் பார்த்து, "பொண்ணு நல்லாத்தான் இருக்குது. நம்ம பையனுக்குத்தான் ஒரு தோளு எறக்கம்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தச் சம்பந்தம் அந்தக் காபியோடு முடிந்தது.

என் கல்யாணத்திலும் விடவில்லை. தாலி கட்டக் குனிந்தவனின் வேட்டியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, "ஊடையில ஒரு எழ வுட்டிருக்கான் தம்பி. மாமனாருகிட்ட சொல்லி மாத்திக்க" என்றார். நாதஸ்வரக்காரர் உள்பட எல்லாரும் என் வேட்டியைப் பார்த்தார்கள். எனக்கும் என் மனைவிக்கும் சண்டை வரும்போதெல்லாம், "அன்னிக்கே மேஸ்திரி சொன்னாரு, நான்தான் கேக்கல" என்று அவள் ஆரம்பிப்பாள். அந்த ஒன்றுக்காகவே அவரை நான் ஆயுளுக்கும் மன்னித்திருக்க வேண்டியதில்லை. அதை மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாதது வேறு.

ஊரிலுள்ள குறையெல்லாம் தெரிந்த மனிதருக்குத் தன் கண்ணில் ஒரு குறை வந்தது தெரியவில்லை. தெருவில் நடக்கும்போது பக்கவாட்டில் வருகிற சைக்கிள்மேல் இடித்துக்கொள்வார். "ஓரமா வரான், பெல்லு அடிக்க மாட்டேங்கறான்" என்று சைக்கிள்காரனைத் திட்டுவார். மாட்டின்மேல் இடித்துவிட்டு மாட்டையும் அதே குற்றத்துக்காகத் திட்டினார். சாயங்காலம் தெருவிளக்கு எரியத் தொடங்கியதும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "முனிசிபாலிட்டில எந்த ஊரு பல்பு வாங்கிப் போட்டானோ தெரியல. சுத்தி வட்டம் வட்டமா கலரு வருது" என்பார். நான் அண்ணாந்து பார்த்தேன். எனக்கு ஒரு வட்டமும் தெரியவில்லை. அதே பழைய பல்புதான் எரிந்துகொண்டிருந்தது.

பிறகு மில்லில் வந்தது வினை. அவர் பார்த்து நல்லதென்று அனுப்பிய துணியில் ஒரு கட்டு, ஓட்டையோடு திரும்பி வந்தது. மேனேஜர் கூப்பிட்டு, கண் டாக்டரிடம் காட்டிக் கண் நன்றாக இருக்கிறது என்று எழுதி வாங்கி வரும்படி சொல்லிவிட்டார். கண் சரியில்லை என்று எழுதி வந்தால் என்ன நடக்கும் என்பது மில்லில் எல்லாருக்கும் தெரியும். கழிவுப்பஞ்சு கொட்டும் இடத்துக்குத் தள்ளிவிடுவார்கள். ஆயுள் முழுக்க அடுத்தவன் துணியில் வட்டம் போட்டவர் அங்கே போய்ப் பஞ்சு கூட்ட வேண்டும். அவருக்கு அதைவிடத் தூக்குத் தண்டனை மேல்.

அவருடைய மனைவி அஞ்சலையக்கா என்னிடம் வந்தாள். "தம்பி, நீதான் அவர எங்கியாவது கூட்டிக்கினு போவணும். கஸ்தூரிக்கு இன்னும் கல்யாணம் ஆவல. அதுக்குள்ள இவருக்குக் கண்ணு பூட்டா நாங்க இன்னா பண்றது?" கஸ்தூரி அவர்களுடைய ஒரே பெண். அப்போது பள்ளிக்கூடம் முடித்துவிட்டு டைப் அடிக்கப் போய்க்கொண்டிருந்தாள். சரியென்று சைக்கிளை எடுத்தேன். கேரியரில் மேஸ்திரி ஏறி உட்கார்ந்து, சக்கரம் கோணல் என்றார்.

முதல் டாக்டர் கடைத்தெருப் பக்கம் புதிதாக வந்தவர். எங்கள் முறை வந்து கதவைத் திறந்ததும் மேஸ்திரி நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். டாக்டரை உற்றுப் பார்த்தார். என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்.

"இன்னா மேஸ்திரி?"

"கண்ணாடி போட்டுக்கினு இருக்கான் பாத்தியா? அவன் கண்ணுக்கே அவனால வைத்தியம் பண்ணிக்க முடியல. என் கண்ணுல போயி இன்னா கிழிக்கப் போறான்?"

கண்ணாடி போடாத டாக்டராகத் தேடினேன். நேரு வீதிக்குப் பின்னால் ஒருவர் இருந்தார். அனுபவஸ்தர், கைராசிக்காரர் என்று பெயர். அங்கே காத்திருந்த நேரத்தில் மேஸ்திரி ஜன்னல் திரைச்சீலை அருகில் போய் மூக்கு உரசும்படி நின்றார். விரலால் தடவினார். உள்ளே கூப்பிட்டபோது அவர் படியிறங்கிக்கொண்டிருந்தார். பின்னால் ஓடினேன்.

"தெனம் அந்தச் சீலைக்கு எதுருல உக்காந்துக்கினு இருக்கான். வெரலு நுழையற அளவு பொத்தல். அதையே பாக்காத ஆளு, என் கண்ணுக்குள்ள இருக்கற பொத்தல எங்க பாக்கப் போறான்?"

"அவரு டாக்டர் மேஸ்திரி. திரைச்சீலை பாக்கறது அவர் வேலை இல்ல."

"கண்ணு இருக்கறவனுக்கு எல்லாம்தான் வேல."

மூன்றாவதாகக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரி. பஸ்ஸில் போனோம். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடிவதற்கு முன்பே வந்த ஜனங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்தது ஒரு இளம் பெண் டாக்டர். கண்ணாடி இல்லை. அந்த அறையில் திரைச்சீலையும் இல்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்தப் பெண் அவர் கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தாள். விரலை ஓரத்தில் ஆட்டி, தெரிகிறதா என்று கேட்டாள். அவள் முகம் மாறியது.

"ஐயா, சொட்டு மருந்து போட்டு உள்ள நரம்பப் பாக்கணும். கண்ணுல பிரஷர் பாக்கணும். கொஞ்ச நேரம் உக்காருங்க."

"உனக்கு இன்னா வயசும்மா?" என்றார் மேஸ்திரி.

அவள் சொன்னாள்.

"பெரியவங்க யாரும் இல்லியா?"

"வருவாங்க ஐயா. அதுக்குள்ள நான் மருந்து போட்டுடறேன்."

"தாகமா இருக்குது. தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போனார். தண்ணீர்க் குழாயடியில் ஆள் இல்லை. தேடிக்கொண்டு வெளியே போகிற என்னை அந்த டாக்டர் வராந்தாவுக்கே வந்து நிறுத்தினாள். "நீங்க அவருக்குப் பையனா? அவர எப்படியாவது திரும்பக் கூட்டிட்டு வந்துடுங்க. இது வலிக்காது. அதனால யாரும் சீக்கிரம் வரமாட்டாங்க. ஓரத்துலேந்து கொஞ்சம் கொஞ்சமா பார்வை போயிட்டே இருக்கும். போனது திரும்பாது." பையன் இல்லை, எதிர்வீடு என்று சொல்லிவிட்டு ஓடினேன். மேஸ்திரி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து, எனக்கும் துண்டு போட்டு வைத்திருந்தார்.

அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "நம்ம கஸ்தூரி வயசு. கஸ்தூரிக்குச் சோறு வடிக்கவே இன்னும் கை வரல" என்றார். பஸ் கிளம்பிவிட்டது. வீட்டில் அஞ்சலையக்காவிடமும் சொன்னேன். அவள் அழுதாள், சண்டை போட்டாள், அடுப்பு மூட்ட மாட்டேன் என்று உட்கார்ந்தாள். அவர் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்து, அங்கே சாம்பார் நீர்த்திருந்தது என்றார்.

இந்த நேரத்தில்தான் சொல்தா அந்துவான் உள்ளே புகுந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். அந்துவானுக்குப் பிரான்சிலிருந்து வருவதெல்லாம் உசத்தி, மற்றதெல்லாம் குப்பை. "அங்கெல்லாம் கண்ணக் கழட்டிக் கழுவித் தொடைச்சித் திரும்ப மாட்டறான் மேஸ்திரி" என்று சத்தியம் செய்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கடற்கரையை ஒட்டிய தெரு ஒன்றில், பிரான்சில் படித்த கண் டாக்டர் ஒருவர் ஓய்வு பெற்று இருக்கிறார், தெரிந்தவர்களை மட்டும் வீட்டில் வைத்துப் பார்ப்பார் என்றார். டாக்டர் என்று சொல்ல மாட்டார். ஒக்குலிஸ்த் என்பார். அந்த வார்த்தையிலேயே மேஸ்திரி விழுந்துவிட்டார். அதில் குறை கண்டுபிடிக்க அவருக்குப் பிரெஞ்சு தெரியாது.

இனி ஏற்பாடுகள். கண் டாக்டரிடம் போவதற்கு ஒரு மனிதன் இப்படித் தயாரானதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தினமும் கீரை. ஒருநாள் முருங்கை. மறுநாள் பொன்னாங்கண்ணி. அதற்கு மறுநாள் திரும்பவும் முருங்கை. தெருவிலிருந்த முருங்கை மரங்களெல்லாம் மொட்டையாகின. தலைக்கு எண்ணெய் முழுக்கு, கண்ணுக்குப் பன்னீர். கண்ணைச் செலவு செய்யக் கூடாது என்று சினிமாவை நிறுத்தினார். பேப்பரை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். வீட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டே நடந்து, தண்ணீர்க் குடத்தில் கால் இடறி விழுந்தார். குடத்தை வைத்த இடம் தப்பு என்று அஞ்சலையக்காவுக்குத் திட்டு விழுந்தது.

இதோடு நின்றிருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அந்த ஒக்குலிஸ்த் வீட்டுச் சுவரில் பார்வை சோதிக்க மாட்டிய எழுத்து அட்டை, பல வருஷமாகப் போய்வரும் அந்துவானுக்கு மனப்பாடம். அதை அவர் மேஸ்திரிக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். சாயங்காலமானால் அந்துவான் வீட்டு வராந்தாவில் பாடம் நடக்கும். அந்துவான் ஒரு எழுத்தைப் பிரெஞ்சு மாதிரி சொல்ல, மேஸ்திரி அதைத் திரும்பச் சொல்வார். கடைசி வரி வரைக்கும் வாய்ப்பாடு மாதிரி ஓடும். தெருப் பிள்ளைகளுக்கும் பாடமாகிவிட்டது. பாண்டி ஆடுகிற பெண்பிள்ளைகள் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எழுத்தைச் சொல்லிக்கொண்டு தாண்டினார்கள்.

நான் போய்ச் சொன்னேன். "மேஸ்திரி, இது பரீட்ச இல்ல. தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். அப்பதான் அவரு மருந்து குடுப்பாரு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கூறுகெட்டவனைப் பார்க்கிற பார்வை அது. "பம்பாய்க்காரன் மில்லப் பாக்க வரும்போது நாம இன்னா பண்றோம்?"

அது மில்லில் வேலை பார்த்த எல்லாருக்கும் தெரிந்ததுதான். பம்பாயிலிருந்து மேலிடத்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்றால் முதல் நாளே சுண்ணாம்பு அடிப்போம். மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைப்போம். கெட்டுப்போன துணியெல்லாம் பின்னாலிருக்கும் பஞ்சு குடோனுக்குப் போய்விடும். நல்ல துணியாகப் பொறுக்கி மேலே அடுக்குவோம். வந்தவர்கள் பார்த்துத் தலையாட்டிவிட்டு, விருந்து சாப்பிட்டுப் போவார்கள். இதில் எங்கள் மில்லிலேயே கைதேர்ந்தவர் டேமேஜ் மேஸ்திரிதான். எந்தத் துணிக்கட்டை எங்கே ஒளித்தார் என்று அவரே பிறகு தேட வேண்டியிருக்கும்.

"அது மில்லு. இது உன் கண்ணு" என்றேன். மரியாதையை விட்டுவிட்டேன். அவ்வளவு ஆத்திரம்.

"பாக்க வரவன் எவனா இருந்தாலும் ஒண்ணுதான்" என்றுவிட்டு அடுத்த வரியை ஆரம்பித்தார்.

அந்த நாளும் வந்தது. அந்துவானின் கோட்டு, அந்துவானின் பூட்ஸ். ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய தினத்தன்று அந்துவான் மெடல் குத்திக்கொண்டு ஊர்வலம் போகிற கோட்டு அது. மெடலையும் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. என் சைக்கிள் கேரியரில் கோட்டு கசங்காமல் விறைப்பாக உட்கார்ந்துகொண்டு, "போன்ழூர் முசே, போன்ழூர் முசே" என்று பிரெஞ்சு வணக்கத்தை வழி நெடுகச் சொல்லிப் பார்த்தார். டாக்டர் வீட்டு வேலையாள் அவரை மட்டும் உள்ளே விட்டான். நான் காகிதப்பூக் கொடிக்குக் கீழே சைக்கிளோடு நின்றேன்.

வெளியே வந்தவரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மூக்குக்கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். மில்லில் காட்டவும் ஒரு வரி வாங்கியிருந்தார். சைக்கிள் கிளம்பியதும் கதையை ஆரம்பித்தார்.

"பெரிய எழுத்துலேந்து பொடி எழுத்து வரைக்கும் ஒரே மூச்சு தம்பி. அவரு குச்சிய வெக்கறதுக்குள்ள நான் அடுத்த வரிக்குப் பூட்டேன். ஆடிப் பூட்டாரு."

"வேற இன்னா கேட்டாரு?"

"வெளக்கச் சுத்திக் கலர் வட்டம் தெரியுதான்னாரு. இல்லன்னுட்டேன். தலவலி உண்டான்னாரு. எங்க வூட்ல அவளுக்குத்தான் உண்டுன்னேன். ஓரத்துல வரது போறது தெரியுதான்னாரு. வாசல்ல எங்க தம்பி சைக்கிளோட நிக்கறது வரைக்கும் தெரியுதுன்னுட்டேன்."

"பிரஷர் பாத்தாரா?"

"அதுக்கு மெஷினு இங்க இல்ல, ஆஸ்பத்திரில போயி கண்டிப்பா பாத்துக்கோங்கன்னாரு. அது எல்லாருக்கும் சொல்றதுதான்."

வாய்க்கால் பாலத்தின் மேல் பிரேக் போட்டேன். "வட்டம் தெரியுதுன்னு நீதானே தெனமும் சொல்ற? ஏன் அவருகிட்ட சொல்லல?"

மேஸ்திரி பொறுமையாகச் சொன்னார். "எந்த நெசவுக்காரனாவது டேமேஜ் இங்க இருக்குதுன்னு என்கிட்ட வந்து காட்டியிருக்கானா? அதக் கண்டுபிடிக்கறது பாக்கறவன் வேல தம்பி. அவரு கண்டுபிடிக்கல. அப்ப அங்க ஒண்ணியும் இல்லன்னு அர்த்தம்."

நான் சைக்கிளைத் திருப்பினேன். திரும்ப அந்த வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்ல வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். அவர் கேரியரிலிருந்து குதித்தார். கோட்டை உதறிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார். பத்தடி போவதற்குள் பக்கத்தில் வந்த ரிக்‌ஷாவில் மோதி, ரிக்‌ஷாக்காரனிடம் சண்டைக்கு நின்றார். வீட்டுக்கு நடந்தே போனார். நடந்ததை அன்றே அஞ்சலையக்காவிடம் சொன்னேன். அதற்கு எனக்குக் கிடைத்த பரிசு, மேஸ்திரி என்னோடு பேசுவதை நிறுத்தியது. எதிரும் புதிருமாக வீடு. காலையில் பல் விளக்கும்போது அவர் என்னைப் பார்த்துத் துப்புவார். நான் அவரைப் பார்த்துத் துப்புவேன்.

மில்லில் எல்லாருக்கும் பூந்தி கொடுத்தார். கண் தேறியதற்குப் பூந்தி கொடுத்த முதல் ஆள். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் நின்றார். துணியைக் கண்ணால் பார்த்தாரோ, கையால் தடவிக் காலம் தள்ளினாரோ, எனக்குத் தெரியாது. அப்புறமும் துணி திரும்பி வந்தது என்று கேள்வி. மேனேஜரிடம் அந்த ஒரு வரியை நீட்டினார். இப்படியே வருஷங்கள் போயின.

எண்பதுகளில் அந்துவான் வீட்டுக்கு டெலிவிஷன் வந்தது. தெருவே அங்கே கூடும். மேஸ்திரி முதல் வரிசையில், பெட்டிக்கு முகம் கொடுத்துக்கொண்டு உட்காருவார். "பேசறவன் எங்க இருக்கான்? மூக்கு மட்டும் காட்டறான்" என்பார். எங்களுக்கு முழு ஆள் தெரிந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். பிரெஞ்சுப் பெட்டியாக இருந்தால் முழுசாகத் தெரியும் என்று அந்துவான் சொன்னார். நான் எழுந்து வந்துவிட்டேன். என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். கையைப் பிடித்து இழுத்தால் வருகிற மனிதரா அவர். இழுத்தும் பார்த்தாகிவிட்டது. அஞ்சலையக்கா கோரிமேடு என்று வாயைத் திறந்தாலே செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். செருப்பைத் தேடவே வெகுநேரம் ஆகும்.

கஸ்தூரிக்கு உழவர்கரையில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல இடம். மேஸ்திரி அந்தப் பையனிடம் ஒரு குறையும் சொல்லவில்லை என்று தெருவே அதிசயப்பட்டது. அவர் பையனைப் பார்க்கவே இல்லை என்று எனக்குப் பட்டது.

முகூர்த்தம் முடிந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர்கள் காலில் விழ வந்தார்கள். அஞ்சலையக்கா மேஸ்திரியின் கையில் அட்சதையைக் கொடுத்தாள். கஸ்தூரி குனிந்து அவர் பாதத்தைத் தொட்டாள். இரண்டடி தள்ளி, மாப்பிள்ளையின் தாய்மாமன் பையிலிருந்து உருண்ட தேங்காயை எடுக்கக் குனிந்திருந்தார். மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பி, அந்த மீசைக்காரர் முதுகில் அட்சதையைப் போட்டு, "தீர்க்க சுமங்கலியா இரும்மா" என்றார்.

மண்டபமே சிரித்தது. தாய்மாமனும் சிரித்தார். நானும் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன் என்பதை ஏன் மறைக்க வேண்டும், சிரிக்கும்படிதான் இருந்தது. கஸ்தூரி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்தாள். அப்பாவின் வலது பக்கம் போய் ஒட்டி நின்றாள். வளையல் சத்தம் வராமல் ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையை அவர் காதோரம் ஆட்டினாள். அவர் நேராகப் பார்த்துச் சிரித்தபடியே, "கஸ்தூரி எங்க பூட்டா? போட்டோ எடுக்கணுமே" என்று அஞ்சலையக்காவிடம் கேட்டார்.

மறுவீட்டு விருந்துக்கு வந்தவள் விருந்து சாப்பிடவில்லை. மஞ்சள் கயிறு ஈரம் காயாமல், புதுப் புருஷனை ஒரு பக்கமும் என்னை ஒரு பக்கமும் பிடிக்கச் சொல்லி அப்பாவைக் கோரிமேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். இந்த முறை அவர் தண்ணீர் கேட்கவில்லை. அதே டாக்டர் இருந்தாள். இப்போது கண்ணாடி போட்டிருந்தாள். அவருக்கு அது தெரிந்திருக்காது. நெடுநேரம் பார்த்தாள். மருந்து போட்டாள், மெஷின் வைத்தாள், உள்ளே கூட்டிக்கொண்டு போனாள், வந்தாள். என்னைப் பார்த்து, "நீங்க முன்னாடி வந்திருக்கீங்க இல்ல?" என்றாள். நான் தலையாட்டினேன்.

"ஒரு கண்ணு முழுசா போயிடுச்சு ஐயா. இன்னொண்ணுல நடுவுல மட்டும் கொஞ்சம் இருக்கு. அதக் காப்பாத்தப் பாக்கறேன். எவ்ளோ நாளுக்குன்னு சொல்ல முடியாது."

கஸ்தூரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மேஸ்திரி டாக்டரின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு சொன்னார்: "நல்ல டாக்டரும்மா நீ. ஒண்ணியும் மறைக்கல." வாழ்க்கையில் அவர் பாஸ் போட்ட ஒரே டாக்டர் அவள்தான். பாஸ் போட்டபோது வைத்தியம் பார்க்க அங்கே கண் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மிச்சமிருந்த கொஞ்சமும் சீக்கிரமே போனது. மில்லிலிருந்து நின்றுவிட்டார். நாங்கள் திரும்பப் பேச ஆரம்பித்தோம். யார் முதலில் பேசினோம் என்பது ஞாபகம் இல்லை. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் அவர் வீட்டுக்குப் போய் உட்காருவேன். பேப்பர் படித்துக் காட்டுவேன். அஞ்சலையக்கா உப்புமா கொண்டுவந்து வைப்பாள். ஒருநாள் அது நன்றாகத் தீய்ந்து போயிருந்தது. என்னால் விழுங்க முடியவில்லை. அவர் கடைசி வரைக்கும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்குது" என்றார். அடுத்த வாரம் சாம்பாரில் உப்பே இல்லை. அதுவும் நன்றாக இருந்தது. கண் போனதற்குப் பிறகு அந்த மனிதர் ஒருநாளும் ஒன்றையும் குறை சொல்லவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே பேப்பரைத் தப்பும் தவறுமாகப் படித்தேன். ஏதாவது சொல்லுவார், திட்டுவார் என்று காத்திருந்தேன். "நல்லா படிக்கற தம்பி" என்றார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மனைவி கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. வருஷம் தவறாமல் கண்ணைக் காட்டிக்கொள்கிறேன். கேட்காததையும் சேர்த்துச் சொல்லுவேன். டாக்டர்களுக்கு என்னைக் கண்டாலே கொட்டாவி வரும். போன முறை போனபோது ஒரு சின்னப் பெண், எழுதிக்கொள்கிறவள், வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா. கடைசியில் கேட்டாள்: "உங்க குடும்பத்துல யாருக்காவது கண்ணுல இந்தப் பிரஷர் வியாதி இருந்து பார்வை போயிருக்கா சார்?"

"போயிருக்கு."

"அவங்க உங்களுக்கு என்ன உறவு வேணும்?"

"எதிர்வீட்டுக்காரர். மில்லுல மேஸ்திரி."

அவள் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். "ரத்த சம்பந்தம் இருந்தாத்தான் சார் எழுதணும். இது கணக்குல சேராது."

"சேரும். எழுதிக்கம்மா" என்றேன்.